நடைப்பயணத்துக்குக் காலணி: வாங்குவது முதல் பிறருக்குக் கொடுப்பது வரை

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு எழுபது சென்டிமீட்டர் என்று வைத்தால் 1,40,000 எட்டுகளுக்கு மேல் வரும். திருச்சியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கூடும். அத்தனை எட்டிலும் உடம்பின் பாரம் முழுவதும் மாறி மாறி ஒரே ஒரு பாதத்தில்தான் இறங்குகிறது. ஆனாலும் காவி உடை தைப்பது, சப்பரம் அலங்கரிப்பது, எந்த ஊரில் யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று விசாரிப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. காலில் என்ன போடுவது என்ற யோசனை மட்டும் கிளம்புவதற்கு முதல் நாள் மாலைதான் வருகிறது.

இந்த வழிகாட்டி ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்கள், சித்திரையில் சமயபுரத்துக்கோ வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ நடக்கிறவர்கள் ஆகியோருக்கும் பெரும்பகுதி பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன். நடந்து முடித்த பிறகு வேண்டாத காலணிகளை என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பேசுகிறேன். நம் பக்கத்தில் அதைப் பலரும் நல்ல மனத்தோடு தவறான முறையில் செய்கிறார்கள்.

1. முதலில் பாதை, அப்புறம் மாதம்

டெல்டா சமவெளி. ஏற்றம் இறக்கம் இல்லை என்பதால் சுலபம் என்று தோன்றும். பாதத்துக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. மலைப்பாதையில் ஒவ்வோர் எட்டும் வேறு மாதிரி விழுவதால் பாரம் பிரிந்துபோகும். தஞ்சாவூர், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் என்று போகும் சாலையில் கால் மணிக்கணக்காக ஒரே மாதிரிதான் விழும். குதிகாலில் ஓர் இடம், பெருவிரலுக்குக் கீழே ஓர் இடம் என்று அதே இரண்டு இடங்களில் அடி விழுந்துகொண்டே இருக்கும். அதனால் இங்கே மெத்தென்ற அடிப்பாகம் தேவை. மலை ஏறுவதற்கான கனமான பூட்ஸ் வெறும் சுமைதான்.

இன்னொன்று, தார்ச்சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும், மழைத்தண்ணீர் வடிவதற்காக. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் நாள் முழுக்க அப்படி நடந்தால் ஒரு கால் எப்போதும் சற்றுத் தாழ்வில் விழும். ஏற்கெனவே ஒரு பக்கம் தேய்ந்த செருப்போடு போனால் இந்தச் சாய்வு இரட்டிப்பாகி, இரண்டாம் நாள் முழங்காலிலும் இடுப்பிலும் வலி பிடிக்கும். வீட்டில் இருக்கும் பழைய செருப்பைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது நடைப்பயணத்துக்கு ஆகாது.

மாதத்தைப் பொறுத்துத் தேவை மாறும். ஆகஸ்ட் கடைசியில் பகலில் வெயில் கொளுத்தும், மாலையில் இடி மழை கொட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வண்டல் மண் நனைந்தால் காலணியோடு அப்பிக்கொண்டு வரும். எனவே சீக்கிரம் காயக்கூடிய காலணி வேண்டும். சித்திரையில் மழைக் கவலை குறைவு, ஆனால் தார் கொதிக்கும். உச்சி வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மெல்லிய சோல் அந்தச் சூட்டை அப்படியே உள்ளங்காலுக்கு அனுப்பிவிடும். தை மாதம் மூன்றிலும் இதமானது. விடியற்காலைப் பனியில் நனையும் சாலையோரப் புல்லும், அறுவடை முடிந்து சாலையில் பரப்பிய வைக்கோலும் வழுக்கும் என்பதால் அடிப்பக்கம் நல்ல வரி ஓடிய சோல் இருக்க வேண்டும்.

2. வெறுங்காலா, காலணியா

வெறுங்காலில் நடப்பது பலருக்கு நேர்த்தி. அதை நான் கேள்வி கேட்கப் போவதில்லை. பழகாத கால் அதற்குத் தயாராக வேண்டும் என்று மட்டும் சொல்வேன். அலுவலக ஷூவுக்குள் ஆண்டு முழுக்க இருந்த பாதம் நாலு நாளில் தார்ச்சாலையைத் தாங்காது. ஒரு மாதத்துக்கு முன்பே காலையில் அரை மணி நேரம் மண் தரையிலும், பிறகு சாலையிலும் வெறுங்காலில் நடந்து தோலைக் கெட்டிப்படுத்துங்கள். பயணத்தில் காலை பத்து மணிக்குள் பகல் நடையை முடித்துக்கொண்டு வெயில் தாழ்ந்த பிறகு மீண்டும் கிளம்புங்கள். சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பது அனுபவசாலிகள் எல்லோரும் செய்வது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடுவதால் அங்கே சூடு குறைவு. டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வெறுங்காலில் நடக்காதீர்கள். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். முள் ஏறியதோ தார் சுட்டதோ தெரியாது. மாலையில் யாரோ பார்த்து, "அண்ணே, காலில் ரத்தம்" என்று சொன்ன பிறகுதான் தெரியும். அப்படி ஆரம்பித்த புண் விரலை எடுக்கும் வரைக்கும் போயிருக்கிறது. நேர்த்தி செய்துகொண்டவர்கள் பங்குத் தந்தையிடமோ குருசாமியிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். வழி முழுக்கக் காலணியோடு நடப்பது என்று மாற்றிக்கொள்ளலாம். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையிலான மணல் பாதையில் முழங்காலிட்டே போகிறவர்களும் உண்டு. மரத்துப்போன பாதம் உள்ளவர்கள் அந்த மணல் சூடாக இருக்கிறதா என்று முதலில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பாதம் மரத்தவர்களுக்கென்றே எம்.சி.ஆர். செருப்பு என்று மென்மையான ரப்பரில் செய்த வகை இருக்கிறது. மருத்துவரின் அளவுச் சீட்டோடு வாங்கி, பின்வார் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

3. எந்த வகை

ரப்பர் செருப்பு, அதாவது ஹவாய் செருப்பு, டெல்டாவில் எல்லோர் காலிலும் இருப்பது. தண்ணீர் பட்டால் கவலை இல்லை, விலையும் குறைவு. ஆனால் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் எட்டிலும் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கடைத்தெரு வரை போய்வர அது தெரியாது. இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் சதை இழுக்கும், விரலிடுக்கில் வார் அறுக்கும். அடியில் வார் கழன்றுவிடாமல் ஊக்கு குத்திச் சமாளிக்கலாம்தான். ஆனாலும் நீண்ட நடைக்கு இதை முதல் காலணியாக வைக்காதீர்கள். இரண்டாவது ஜோடியாகக் கட்டாயம் பையில் இருக்கட்டும். குளிக்க, தங்குமிடத்தில் நடமாட, கொப்புளம் வந்த காலுக்குச் சற்று ஓய்வு கொடுக்க இதுதான் உதவும்.

பின்வார் வைத்த சாண்டல்தான் ஆகஸ்ட் பயணத்துக்கு என் முதல் தேர்வு. குதிகாலைச் சுற்றி ஒரு வார், மேல்பாதத்தில் ஒன்று, விரல்களுக்குச் சற்றுப் பின்னால் ஒன்று என மூன்று இடங்களில் இறுக்கித் தளர்த்தும் வசதி இருந்தால் மிகவும் நல்லது. மாலையில் பாதம் வீங்கும்போது வாரைத் தளர்த்தினால் போதும். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். குறை என்னவென்றால், மண்ணும் பொடிக்கல்லும் உள்ளே வரும். வார் தோலில் படும் இடத்தில் உராயும். வாரின் உட்புறத்தில் மெத்தைத் துணி இருக்கிறதா, தையல் முடிச்சு ஏதும் உள்ளே துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வலைத்துணி மேல்பாகம் கொண்ட ஓட்டப்பயிற்சி ஷூ தை மாதத்துக்கும் சித்திரைக்கும் சிறந்தது. குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் மெத்தை அதிகம், முள்ளிடமிருந்தும் பாதுகாப்பு. தண்ணீர் புகாத உறை வைத்த ஷூவை வாங்காதீர்கள். மேலிருந்து மழை உள்ளே இறங்கிவிட்டால் வெளியேற வழி இருக்காது, வியர்வையும் உள்ளேயே தங்கும்.

பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூ தட்டையானது, மெத்தை இல்லை. தோல் செருப்பு பழகிய காலுக்கு அருமையாக இருக்கும், ஆனால் ஒரே மழையில் கனத்து, நீண்டு, காயும்போது விறைத்துவிடும்.

பரணில் அட்டைப்பெட்டியோடு இருக்கும் 'புது' ஷூவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். ஒருநாள் கூடப் போடாமல் நாலைந்து ஆண்டு வைத்திருந்தாலும் சரி, நடக்க ஆரம்பித்த சில கிலோமீட்டரில் பொலபொலவென்று உதிர்ந்துவிடக்கூடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இது இங்கே சகஜம். சோலை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ விரிசல் விட்டாலோ அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

4. கடையில்

மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடப் பருத்திருக்கும். பயணத்தில் இதைவிடவும் வீங்கும். நீங்கள் போடப்போகும் சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டிலேயே ஒரு காரியம் செய்துவிடுங்கள். ஒரு தாளின் மேல் நின்றபடி, இன்னொருவரை விட்டு இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். நிற்கும்போதுதான் பாதம் விரியும். அந்த வடிவத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கடையில் சாண்டலின் மேலோ ஷூவிலிருந்து எடுத்த உள்தட்டின் மேலோ வையுங்கள். தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பாதமும் அப்படித்தான் பிதுங்கும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்கு வாங்குங்கள்.

அகலம்தான் நம்மவர்களுக்குப் பெரிய பிரச்சினை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலம் என்று அதில் தெரியவந்தது. கடைகளில் நாம் கேட்டு வாங்கும் ஆறு, ஏழு, எட்டு எல்லாம் பிரிட்டிஷ் அளவு எண்கள். அகலம் போதாமல் ஒரு எண் கூட்டி வாங்குகிறோம், நீளம் மிச்சமாகிக் குதிகால் உள்ளே வழுக்குகிறது. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால் அகல வடிவம் வேறு கம்பெனியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெண்களுக்கான ஷூ குறுகலாக இருந்தால் ஆண்கள் பிரிவில் அதே நீளத்தில் போட்டுப் பார்க்கலாம், தயங்க வேண்டாம்.

போட்டு எழுந்து நின்றதும் மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதையும் கவனியுங்கள். குதிகால் எழும்பக் கூடாது. பிறகு காலணியைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது வளைய வேண்டும். நட்டநடுவில் மடிந்தால் உள்ளங்காலுக்குத் தாங்கல் இல்லை என்று அர்த்தம். துணி பிழிவது போல முறுக்கினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். "போடப் போட இளகிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். தோலுக்கு அது ஓரளவு பொருந்தும். ரெக்சினும் வலைத்துணியும் அப்படி இளகாது. கடையில் எங்கே அழுத்துகிறதோ, நீடாமங்கலம் போவதற்குள் அங்கேதான் கொப்புளம்.

5. பழக்குவது

கிளம்புவதற்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். முதல் வாரம் வீட்டிலும் கடைத்தெருவிலும் போடுங்கள். இரண்டாம் வாரம் ஐந்து கிலோமீட்டர், பிறகு பத்து, பிறகு பதினைந்து. கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நடந்து பாருங்கள். முதல் நாள் நன்றாக நடந்த காலணியின் குறை இரண்டாம் நாள் காலையில்தான் தெரியும். முதுகில் மாட்டப் போகும் பையையும் அதே எடையோடு மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடவையாவது காலணியை வேண்டுமென்றே நனைத்து ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். ஆகஸ்டில் எப்படியும் அது நடக்கத்தான் போகிறது.

நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையை வளைத்து வெட்டினால் உள்ளே வளரும். கிளம்பும் அன்று வெட்ட வேண்டாம், மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். பித்தவெடிப்பு இருந்தால் இந்த நாலு வாரமும் இரவில் எண்ணெய் தடவி ஆற்றுங்கள். ஆழமான வெடிப்போடு நடந்தால் அது பிளந்து ரத்தம் வரும்.

6. கொப்புளம் வராமல்

உராய்வு, சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விளையாட்டுக் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டரோ நைலானோ கலந்த சாக்ஸ் சீக்கிரம் காயும். மூன்று ஜோடி வேண்டும்: ஒன்று காலில், ஒன்று பையின் வெளியே காய்ந்தபடி, ஒன்று இரவுக்கு. சாண்டலோடு சாக்ஸ் போடுவது பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வார் உராய்வதை அது தடுக்கும்.

முன்பு நடந்தபோது எங்கே கொப்புளம் வந்ததோ அங்கே கிளம்பும்போதே மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை மடிப்பு விழாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவலாம், டேப் ஒட்டும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

டெல்டாவில் நடப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பம்புசெட்டும் வாய்க்காலும். வேர்த்து விறுவிறுத்து நடந்து வரும்போது பம்புசெட் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் இறங்காமல் இருக்க முடியாது. இறங்குங்கள், குளியுங்கள். ஆனால் குளித்த ஈரக்காலோடு உடனே நடக்காதீர்கள். ஊறிய தோல் மெத்தென்று ஆகி எளிதில் உரிந்துவிடும். நன்றாகத் துடைத்து, விரலிடுக்கெல்லாம் காற்றில் காயவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாக்ஸ் போடுங்கள். நடவு வயலில் நிற்பவர்களுக்கு வருகிற அதே சேற்றுப்புண் ஈர சாக்ஸுக்குள்ளும் வரும்.

7. நடக்கும்போது

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, காலணியைக் கழற்றி, பாதத்தைச் சற்று உயர்த்தி வைத்து ஐந்து நிமிடம் இருங்கள். எங்காவது சுரீர் என்று ஓர் இடம் சூடாகத் தெரிந்தால் 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போடாமல் அப்போதே டேப் ஒட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத் தாமதம்தான் கொப்புளமாகிறது.

நிற்கும்போதெல்லாம் சோலைத் திருப்பிப் பாருங்கள். சாலையோரம் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். கருவேல முள் மென்மையான சோலில் உடைந்து உள்ளேயே தங்கும். முதலில் தெரியாது. சோல் தேயத் தேய, மறுநாள் அது உள்ளங்காலில் எட்டிப் பார்க்கும். சிறிய குறடோ நகவெட்டியோ கொண்டு பிடுங்கி எடுங்கள்.

ஷூவில் விரல்கள் முன்னால் இடித்தால் கயிற்றைக் கட்டும் முறையை மாற்றுங்கள். கடைசித் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை இருக்கும், பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இருபுறமும் கயிற்றை அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னாலேயே பிடித்து நிற்கும்.

சிறு கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிதாகி நடக்கவே முடியாமல் போனால் வழியில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்டி, சுத்தமான ஊசியால் நீரை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் கட்டு. போவிடோன் அயோடின் களிம்பு தடவி மூடுங்கள். சுற்றிலும் சிவந்து, சீழ் பிடித்து, காய்ச்சலும் வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரவு நடை உண்டு என்றால் காலணியின் பின்பக்கம் ஒளி பிரதிபலிக்கும் டேப்பைச் சிறு துண்டாக ஒட்டுங்கள். நடக்கும்போது மேலும் கீழும் அசையும் அந்த வெளிச்சம் பின்னால் வரும் ஓட்டுநர் கண்ணில் சட்டென்று படும். குழுவின் சப்பரத்தோடு வரும் வண்டியில் ஒரு கோணி ஊசி, மெழுகு நூல், பசை, நாலைந்து ஊக்கு, இரண்டு மூன்று அளவில் உபரி ரப்பர் செருப்பு இருக்கட்டும். யாருக்காவது வார் அறுவது நிச்சயம்.

8. வேண்டாத காலணியை என்ன செய்வது

நடந்து முடித்ததும் பிய்ந்த செருப்பைக் கடற்கரையிலோ மண்டப வாசலிலோ விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவது வழக்கமாகிவிட்டது. அது மக்கிப் போகாது. கடலில் போட்டால் அலை திருப்பிக் கொண்டுவந்து போடும், வாய்க்காலில் போட்டால் மதகில் போய் அடைக்கும். பிய்ந்ததாக இருந்தாலும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வீட்டில் சேர்ந்திருப்பதோடு சேர்த்து மூன்றாகப் பிரியுங்கள். இப்படியே போட்டு ஒருவர் நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்பது முதல் குவியல். ஒரு தையலோ ஒரு பசையோ போட்டால் சரியாகும் என்பது இரண்டாவது. சோல் உதிர்ந்தது, உட்பக்கம் பூஞ்சை பிடித்தது, ஒற்றையானது மூன்றாவது.

இந்தப் பிரிப்பில் கறாராக இருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து குவிந்த உடுப்புகளில் எவ்வளவோ கட்ட முடியாத பழந்துணி. சாலையோரத்தில் மலையாகக் கிடந்தன. வீட்டை இழந்து நின்ற ஊரில் அவற்றை அள்ளுவதற்கே ஆள் தேவைப்பட்டது. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள், வாங்கியவர்களுக்கு அது குப்பையாகத்தான் வந்து சேர்ந்தது.

செருப்புக்கு இன்னொரு பழைய வலியும் இருக்கிறது. இதே காவிரிப் பாசன ஊர்களில் வயலில் உழைத்த மக்கள் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மோடு இருக்கிறார்கள். அதனால் நீங்கள் போட்டுத் தேய்த்த செருப்பை வயல் வேலைக்கு வரும் அக்காவிடமோ, தெரு பெருக்கும் அண்ணனிடமோ போகிற போக்கில் நீட்டாதீர்கள். வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். தெரிந்த, நேரடியாகக் கொடுக்கும் ஆளுக்கு என்றால் அவர் அளவில் புதிதாக ஒன்று வாங்கித் தருவதுதான் மரியாதை என்பது என் எண்ணம். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் கொதிக்கும் வெயிலில் ரேணுகையின் பாதம் சுட்டதற்காக, ஜமதக்னி முனிவரிடம் சூரியனே குடையும் செருப்பும் கொண்டுவந்து கொடுத்ததாக ஒரு கதை வரும். செருப்புத் தானத்துக்கு அந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அங்கேயும் கொடுத்தது புதியதைத்தான்.

சரி, முதல் குவியலை எங்கே கொடுப்பது? முதியோர் இல்லம், ஆதரவற்றோர் விடுதி, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே போன் செய்து, என்ன அளவு, என்ன வகை வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். முதியோருக்கு வழுக்காத அடியும் பின்வாரும் உள்ளதுதான் உதவும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாக் காலணி தருகிறது. எனவே பள்ளிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் விளையாட்டு ஷூ தேவைப்படுகிறதா என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்பது பயனுள்ளது. ஓடுகிற பிள்ளைகளுக்கு நல்ல ஷூ ஒன்று பெரிய விஷயம். 2023 மே மாதம் மத்திய அரசு நகர்ப்புறங்களில் பழைய துணி, காலணி, புத்தகம், பொம்மை ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளும் ஆர்.ஆர்.ஆர். மையங்களைத் தொடங்கும்படி இயக்கம் நடத்தியது. உங்கள் நகராட்சியில் அது இப்போது இயங்குகிறதா என்று சுகாதாரப் பிரிவில் விசாரியுங்கள். பழைய ஷூக்களைப் பிரித்துச் செருப்பாக மாற்றிப் பிள்ளைகளுக்குத் தரும் மும்பையின் கிரீன்சோல் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே பெட்டியாக அனுப்பினால் பார்சல் செலவு கட்டுப்படியாகும்.

கொடுப்பதற்கு முன் கயிறு, உள்தட்டு இரண்டையும் கழற்றித் தனியே துவையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். கொளுத்தும் வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். சேற்றுப்புண்ணோ படையோ இருந்த காலில் போட்டதைக் கொடுக்காதீர்கள், அது அப்படியே அடுத்தவர் காலுக்குப் போகும். இரண்டையும் சேர்த்துக் கட்டி, அளவு எண்ணை ஒரு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கட்டாமல் போட்டால் குவியலில் ஜோடி பிரிந்து இரண்டுமே வீணாகும்.

இரண்டாவது குவியலை முதலில் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோய், கேட்ட கூலியைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள். பிறகு அது முதல் குவியலில் சேரும். மூன்றாவது குவியலையும் அவரிடமே காட்டுங்கள். பக்கிள், வார், நல்ல சோல் துண்டு என்று அவருக்குப் பயன்படும் உதிரிப் பாகங்கள் அதில் இருக்கும். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை மட்டும் நகராட்சி வண்டியில் மக்காத குப்பையாகப் போடுங்கள்.

9. பந்தலில் செருப்பு

கையில் பணம் இருந்து, நடப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. வழியெங்கும் தண்ணீரும் மோரும் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கின்றன. நாகப்பட்டினத்துக்கு முன்னும் பின்னும், கால் வீங்கி ஷூவுக்குள் நுழையாமல், ஒரு கையில் ஷூவைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை. வேளாங்கண்ணியிலிருந்து ஊர் திரும்பும் நாளில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் அதிகம். ஒரு பந்தலில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் புது ரப்பர் செருப்பு இருபது ஜோடி, ஒரு டப்பா காகித டேப், கத்தரிக்கோல், கால் கழுவ ஒரு குடம் தண்ணீர், துடைக்கத் துண்டு இவ்வளவும் வைத்தால் போதும்.

மொத்தக் கடையில் வாங்கும்போது பெரிய அளவுகளையே அதிகம் எடுங்கள், வீங்கிய காலுக்கு வழக்கமான அளவு பத்தாது. ஏழும் எட்டும் வழக்கமாகப் போடுகிறவர்களுக்கு எட்டும் ஒன்பதும் தேவைப்படும். பெண்கள் கூட்டமாக வருவார்கள், அவர்களுக்கு ஐந்து முதல் ஏழு வரை பாதியளவாவது இருக்கட்டும். வார் அகலமாக உள்ளதாகப் பார்த்து எடுங்கள், கொப்புளத்தின் மேல் மெல்லிய வார் அறுக்கும். மிஞ்சியதைக் கட்டிப்போட்டுப் பெட்டியில் வைத்தால் தைப்பூசத்துக்குத் திருச்சி சாலையில் அப்படியே பயன்படும்.